சரவாங்கிக்கு ஒரு சிக்னல் வரைபடம்: வீட்டில் ஒரே தாளில் வரைவது எப்படி

ஆர்.ஏ. (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று டாக்டர் சீட்டில் எழுதுவதும், நம் பக்கம் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்வதும் ஒரே நோய்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் ஆச்சி மட்டும் பெரிய வீட்டில் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் வரும் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று குழம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நோயில் வலி கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. அதற்கு முன்பே நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் கடத்தும் வேலை மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் நடந்திருக்கும். வலி அடங்கிய பிறகும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கலாம். "இப்ப வலி இல்லை, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு விரல் கோணிப்போய் வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. எந்த மருந்து எந்த இடத்தில் சிக்னலை மறிக்கிறது என்பதைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டால் அப்படி நிறுத்தத் தோன்றாது. அதனால்தான் வரையச் சொல்கிறேன்.

வரைவதற்கு முன்: இது ஆர்.ஏ.தானா?

எல்லா மூட்டுவலியும் சரவாங்கி இல்லை. முழங்கால் மட்டும் வலித்து, நடக்க நடக்கக் கூடி, உட்கார்ந்தால் குறைந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். நகத்துக்கு அருகில் இருக்கிற கடைசிக் கணு மட்டும் கட்டிதட்டிப் போயிருந்தாலும் அப்படித்தான். ஆர்.ஏ. பிடிப்பது விரலின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, கால்விரல்களின் அடிப்பகுதி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் பிடிக்கும். ஓய்வில் இருந்தால் இறுகும், அசைத்தால் தளரும். காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், பலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். விடியலில் கைமுறுக்கு சுற்ற உட்கார்ந்தால் மாவு விரலுக்கு அடங்காது, பதினோரு மணிக்கு மேல் அதே கை நிதானமாகக் கொட்டான் முடையும். வீட்டில் இருப்பவர்கள் "வேலைக்குச் சோம்பல்" என்று நினைத்துவிடுகிறார்கள், அது பெரிய அநியாயம். ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதம் இந்த நோயாளிகளுக்கு அதிகாலையில்தான் உச்சத்துக்குப் போகிறது, அதை அடக்க உடம்பு சுரக்கும் கார்டிசால் அந்த நேரத்தில் போதுமான அளவில் இருப்பதில்லை.

சிக்குன்குனியாவையும் மறக்கக் கூடாது. 2006-ல் தமிழ்நாடு முழுக்க அது அடித்துப்போட்டது நினைவிருக்கும். காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் விரல் மூட்டு வீங்குவது அதிலும் உண்டு, பார்க்க ஆர்.ஏ. மாதிரியே இருக்கும். அதனால் காய்ச்சல் வந்ததா, எப்போது வந்தது, எத்தனை வாரமாக வீக்கம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2010-ல் வந்த சர்வதேச அளவுகோலில் வீங்கிய அல்லது அழுத்தினால் வலிக்கிற மூட்டுகளின் எண்ணிக்கைக்கு அதிகபட்சம் 5 மதிப்பெண், ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்புப் புரதங்கள் இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 3, அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, ஆறு வாரம் தாண்டியிருந்தால் 1. பத்துக்கு ஆறு வந்தால் ஆர்.ஏ. என்று வகைப்படுத்துகிறார்கள். ஆக, "ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாரும் முடிவு கட்டக் கூடாது. ஹெபடைடிஸ்-சி, காசநோய், வெறும் முதுமை, இவற்றிலும் அது பாசிட்டிவ் காட்டும். ஆன்டி சி.சி.பி. அப்படி எளிதில் ஏமாற்றாது.

தாளை எடுங்கள்

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். இடது பத்திக்கு "தொடக்கம்", நடுவில் "மூட்டுச் சவ்வு", வலதில் "எலும்பு" என்று தலைப்பு. நடுப்பத்தியை மற்ற இரண்டையும்விட அகலமாக விடுங்கள், வேலை அங்கேதான் அதிகம். நீலப் பேனா சிக்னலுக்கு, சிவப்பு மருந்துக்கு, பென்சில் பரிசோதனைக்கு.

தொடக்கம் என்ற பத்தியில் முதலில் எழுத வேண்டியது மூட்டு இல்லை, நுரையீரல், ஈறு. புகை பிடிப்பவரின் நுரையீரலிலும், நாள்பட்ட ஈறு நோய் இருப்பவரின் வாயிலும் பி.ஏ.டி. என்ற நொதி புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றிவிடுகிறது. மாறிய புரதத்தை உடம்பு தன்னுடையது என்று அடையாளம் காணாமல் போகலாம். எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகள் உள்ளவர்களுக்கு, இந்த மாறிய துண்டு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டு, நோய் எதிர்ப்பு செல்களில் ஒன்றான டி செல்லுக்குக் காட்டப்படுகிறது. டி செல் எழ இரண்டு கைகள் தட்ட வேண்டும்: புரதத் துண்டைக் காட்டுவது ஒன்று, சி.டி.28 என்ற இடத்தில் கிடைக்கும் இரண்டாவது சிக்னல் இன்னொன்று. இரண்டும் கிடைத்த டி செல், பி செல் என்ற இன்னொரு நோய் எதிர்ப்பு செல்லை எழுப்புகிறது; பி செல்லின் வழியாக, அந்த மாறிய புரதத்துக்கு எதிரான ஆன்டி சி.சி.பி. பிறக்கிறது. ஈறு, நுரையீரல், டி செல், பி செல், ஆன்டி சி.சி.பி. என்று நீல அம்புகளை வரிசையாகப் போடுங்கள். கடைசி அம்புக்குப் பக்கத்தில் பென்சிலால் "வலிக்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் தெரியலாம்" என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஆர்.ஏ. இருந்து மற்றவர் பீடி, சிகரெட் பிடிக்கிறார் என்றால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது நடுப்பத்தி. நல்ல மூட்டில் உள்சவ்வின் மேலடுக்கு ஒன்றிலிருந்து மூன்று செல் கனம்தான் இருக்கும். ஆர்.ஏ.யில் மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் செல்), டி செல், பி செல் எல்லாம் உள்ளே வந்து குடியேறி அது தடித்துப்போகிறது. மேக்ரோஃபேஜ் வெளியே விடும் மூன்று தகவல் புரதங்களைப் பெரிதாக எழுதுங்கள்: டி.என்.எஃப்., ஐ.எல்-1, ஐ.எல்-6.

இவை செல்லுக்குள் எப்படிப் போகின்றன என்பதற்கு நம் ஊர் வீட்டையே நினைத்துக்கொள்ளலாம். தகவல் கொண்டுவருபவர் முகப்போடு நின்றுவிடுகிறார், உள்ளே வருவதில்லை. முகப்பில் இருப்பவர் வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) இருப்பவரிடம் சொல்ல, அவர் உள்ளறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறக்கிறார். முகப்பு என்பது செல்லின் மேலிருக்கும் ரிசெப்டர், வளவு செல்லின் நடுப்பகுதி, உள்ளறை நியூக்ளியஸ், பெட்டகத்தில் இருப்பவை மரபணுக்கள். நடுப்பத்தியில் இந்த வீட்டைப் பெரிதாக ஒரு சதுரமாக வரைந்து மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

அதில் இரண்டு பாதைகள் போதும். முதல் பாதை டி.என்.எஃப். உடையது. டி.என்.எஃப். முகப்பைத் தொட்டதும் வளவில் ஐ.கே.கே. என்ற நொதி எழுகிறது. வளவில் என்.எஃப்.கப்பா-பி என்பதை உள்ளே போகவிடாமல் பிடித்துவைத்திருக்கும் ஐ-கப்பா-பி என்ற காவல் புரதத்தை அது அழிக்க வழி செய்கிறது. காவல் போனதும் என்.எஃப்.கப்பா-பி உள்ளறைக்குப் போகிறது. அங்கே எதைத் திறக்கிறது என்பதுதான் முக்கியம்: மறுபடியும் டி.என்.எஃப்., மறுபடியும் ஐ.எல்-1, ஐ.எல்-6, குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகள். ஆகவே உள்ளறையிலிருந்து ஒரு அம்பை வளைத்து மறுபடி முகப்புக்கே கொண்டுவந்து விடுங்கள். இந்த நோய் தானாக அணையாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் இந்த வளைந்த அம்பு, அதைக் கொஞ்சம் அழுத்தியே போடுங்கள்.

இரண்டாவது பாதை ஐ.எல்-6 உடையது. முகப்பில் அது ஒட்டியதும் உள்பக்கம் இருக்கும் ஜாக் என்ற நொதிகள் விழிக்கின்றன, அவை ஸ்டாட் என்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன, ஸ்டாட் இணை சேர்ந்து உள்ளறைக்குள் போகிறது. ஜாக்கில் நான்கு உண்டு: ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டி.ஒய்.கே.2. ஐ.எல்-6 முக்கியமாக ஜாக்1-ஐ நம்பி இருக்கிறது. டி.என்.எஃப்., ஐ.எல்-1 இரண்டும் நேராக ஜாக் வழியில் போவதில்லை. ஆனால் அவை கிளப்பிவிடும் ஐ.எல்-6 போகிறது, ஆகவே இரண்டு பாதைக்கும் நடுவில் ஒரு குறுக்கு அம்பு.

இதே ஐ.எல்-6 கல்லீரலுக்கும் போகிறது. சதுரத்துக்கு வெளியே ஒரு சின்ன வட்டம் போட்டு "கல்லீரல்" என்று எழுதி, அங்கிருந்து இரண்டு அம்பு இழுங்கள்: சி.ஆர்.பி., ஹெப்சிடின். ரிப்போர்ட்டில் வரும் சி.ஆர்.பி. இதுதான். ஹெப்சிடினை யாரும் பரிசோதிக்கச் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் நடக்கும் ஒரு விஷயத்துக்கு இது விடை. ஆச்சிக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போகிறது, இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ஏறுவதில்லை, முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஹெப்சிடின் கூடினால் இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறாது, உடம்பு சேமித்து வைத்திருப்பதும் வெளியே வராது. அதனால் ஃபெரிட்டின் (சேமித்த இரும்பைக் காட்டும் அளவு) சரியாகவோ கூடுதலாகவோ இருந்தும் ரத்தம் குறைவாக இருக்கலாம். அழற்சி அடங்கினால் இந்த வகைச் சோகை பெரும்பாலும் தானே தேறும். ஆனால் உண்மையான இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம், வலி மாத்திரையால் வயிற்றில் கசிவும் இருக்கலாம், அதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வலது பத்தி சின்னது, ஆனால் திரும்பி வராதது இங்கேதான் நடக்கிறது. தடித்த சவ்வில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்களும் டி செல்களும் ராங்க்-எல் என்ற புரதத்தை விடுகின்றன, அது எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உருவாக்குகிறது. வீக்கம் வடியும், வலி போகும், அரிக்கப்பட்ட எலும்பு பழையபடி ஆவதில்லை. கண்டாங்கி நெய்பவர், ஆத்தங்குடி கல் வார்ப்பவர், கைத்தொழிலை நம்பி இருக்கும் யாராக இருந்தாலும் நோய் தொடங்கி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மருத்துவம் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

சிவப்புப் பேனா

இப்போது ஆச்சியின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மருந்தும் எங்கே மறிக்கிறது என்று சிவப்பில் கோடு போடுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஒரே கோடு போட முடியாது. அது செல்லுக்கு வெளியே அடினோசினைக் கூட்டி அழற்சியைப் பரவலாகத் தணிக்கிறது, ஆகவே நடுப்பத்தி முழுக்க லேசான சிவப்புத் தீட்டு. வேலை தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், முதல் மாதமே "கேட்கவில்லை" என்று விடக் கூடாது. இதைவிட முக்கியமான ஒன்று: இது வாரம் ஒரு முறை சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை அடங்கி உயிரே போகலாம், அப்படிப் போயும் இருக்கிறது. தனியாக இருக்கும் ஆச்சி என்றால் ஒரு கிழமையை முடிவு செய்து, ஊர்ச் சந்தை கூடும் நாளாக இருந்தால் மறக்காது, தாளின் மேலேயே "திங்கள்" என்றோ "வியாழன்" என்றோ முழுதாக எழுதி ஒட்டுங்கள். மற்ற நாள் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடவே வேண்டாம். அதோடு சேர்த்துத் தரும் போலிக் ஆசிட் எந்த நாள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதம் கழித்து எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான அளவு) பார்க்க வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனோமைடும் எடுக்கவே கூடாது, திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹைட்ராக்சிகுளோரோகுவின் இடது பத்தியில், புரதத் துண்டைக் காட்டும் இடத்தில். அதற்குக் கண் பரிசோதனை உண்டு. லெஃப்ளுனோமைடும் இடது பத்திதான், டி செல் பெருகுவதற்கான கச்சாப்பொருளை அது நிறுத்துகிறது. அபடாசெப்ட், சி.டி.28-க்குப் போகும் இரண்டாவது சிக்னலில். ரிட்டுக்ஸிமாப், பி செல் மேல். ஸ்டீராய்டு நேராக உள்ளறைக்கே போய் என்.எஃப்.கப்பா-பியை அமுக்குகிறது, அதனால்தான் ஓரிரு நாளில் கை திறக்கிறது. ஆனால் எலும்பை அதுவே மெலியவைக்கிறது. மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை இடைப்பாலம் என்ற அளவில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத்தான் அது. பெயர் எழுதாத பொட்டலத்தில் "மூலிகை" என்று கிடைக்கும் பொடி ஒரே வாரத்தில் அற்புதம் செய்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள், டாக்டரிடம் அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள், அதாவது இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட், அடாலிமுமாப், இவற்றுக்குக் கோடு முகப்புக்கு வெளியே. தகவல் கொண்டுவருபவரையே வாசலில் மறிக்கின்றன. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் அவருடைய சகா மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் இதைக் கண்டார்கள். மூட்டுச் சவ்வுச் செல்களில் டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்தால் ஐ.எல்-1-உம் கூடவே இறங்குவதை அவர்கள் குழு 1989-ல் காட்டியது, 1992-ல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2003-ல் லாஸ்கர் என்ற மருத்துவ விருது கிடைத்தது. வளைந்த அம்பை வெட்டினால் மற்றவையும் சரியும் என்பதற்கு அது சாட்சி. எல்லா அம்பும் அப்படி இல்லை. இதே வளவில் ஓடும் பி38 என்ற இன்னொரு பாதையைத் தடுத்த மருந்துகள் ஆய்வகத்தில் நம்பிக்கை தந்து, ஆர்.ஏ. நோயாளிகளிடம் தோற்றுப்போயின. உடம்பு வேறு வழியில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. "இந்தப் பாதையைத் தடுக்கும் புது மருந்து" என்று யூடியூபில் யாராவது சொன்னால் மனிதர்களிடம் சோதித்த முடிவு என்ன என்று கேளுங்கள்.

நம் நாட்டில் டி.என்.எஃப். ஊசிக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உள்ளே அடங்கிக் கிடக்கும் காசக்கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்திருப்பதே டி.என்.எஃப்.தான், அதை மறித்தால் கோட்டை இடியும். நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ (தோல் சோதனை) அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. (ரத்தச் சோதனை) எடுக்காமல் ஊசி போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டோசிலிசுமாப் என்ற ஊசி ஐ.எல்-6-இன் முகப்பை அடைக்கிறது. அதைப் போட்டுக்கொள்பவருக்கு சி.ஆர்.பி. எப்படியும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் கல்லீரலுக்கு உத்தரவே போவதில்லை. ஆகவே சி.ஆர்.பி. நார்மல் என்பதை வைத்து நோய் அடங்கிவிட்டது என்றோ, கிருமித் தொற்று இல்லை என்றோ முடிவு செய்ய முடியாது. வரைபடம் இருந்தால் இது பார்த்த உடனே புரியும்.

டோஃபாசிடினிப், பாரிசிடினிப் இரண்டும் மாத்திரைகள், கோடு வளவில், ஜாக் மேல். டோஃபாசிடினிப் நம் நாட்டில் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை இறங்கிவிட்டது, சீட்டில் இப்போது அடிக்கடி தென்படுகிறது. மலிவு என்பதற்காக லேசான மருந்து என்று நினைக்க வேண்டாம். அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. இதய நோய், ரத்தக் கட்டி, சில புற்றுநோய்கள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. 65 வயது தாண்டியவர், புகை பிடிப்பவர், ஏற்கனவே மாரடைப்பு வந்தவர் என்றால் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனை இதற்கும் உண்டு.

புளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு இவற்றை நிறுத்தினால் போய்விடும் என்பவர்களுக்கு இந்தத் தாளில் கோடு போட இடம் இல்லை. பல் டாக்டரைப் பார்ப்பதற்கு இடம் உண்டு, இடது பத்தியில்.

பிறகு மாதா மாதம் என்ன செய்வது

தாளின் பின்பக்கம் இரண்டு கைகளை வரையுங்கள். டாக்டர்கள் எண்ணும் 28 மூட்டு இவை: தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, விரல் அடிக்கணு பத்து, நடுக்கணு பத்து, முழங்கால் இரண்டு. "ஆச்சி, எந்த விரலு அமுக்குனா வலிக்குது?" என்று கேட்டு மெதுவாக அழுத்தி, வலிப்பது எத்தனை, வீங்கியது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். அதோடு ஆச்சி தன் நிலைக்குப் பத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண் (0 நன்று, 10 மிக மோசம்), டாக்டர் அதேபோல் கொடுக்கும் மதிப்பெண், நான்கையும் கூட்டினால் அதுதான் நோயின் தீவிரத்தைக் காட்டும் சி.டி.ஏ.ஐ. எண். 2.8-க்குள் இருந்தால் நோய் அடங்கிய நிலை, 10 வரை குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ரத்தப் பரிசோதனையே வேண்டாம். பாதம் இந்தக் கணக்கில் வராது, ஆனால் காலை எழுந்து தரையில் ஊன்றும்போது கூழாங்கல்லில் மிதிப்பது போல இருக்கிறது என்றால் அதையும் எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் இந்த எண் நன்றாக இறங்க வேண்டும், ஆறு மாதத்தில் இலக்கைத் தொட வேண்டும், இல்லையென்றால் மருந்தை மாற்றுவது பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். எண் நீண்ட காலம் அடங்கி இருந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார், அதுவும் முதலில் ஸ்டீராய்டிலிருந்து.

மதுரைக்கோ திருச்சிக்கோ மூட்டுவாத நிபுணரைப் பார்க்கப் போகும்போது இந்தத் தாளை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள்.

தாளின் அடியில் ஒரு கட்டம் போட்டு இதையும் எழுதிவிடுங்கள்: காய்ச்சல், விடாத இருமல், வாய்ப்புண், மூச்சு வாங்குதல் இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட், ஜாக் மாத்திரை, ஊசி இவற்றின் அடுத்த வேளையை எடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஸ்டீராய்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டரின் எண்ணும் மருந்துக் கடை எண்ணும் அதே கட்டத்தில் இருக்கட்டும்.